மண் ஒட்டாத கால்

ஆடி பிறந்தால் சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகைப் பேச்சு தொடங்கிவிடும். அதே வாரத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு பேச்சு கிளம்பும். இந்த வருடப் பேய்க்கதை வாசிப்புச் சவாலுக்கு என்னென்ன தலைப்பு வைக்கலாம்? மேல்நாட்டு வாசகர்கள் இந்த மாதிரிச் சவாலைப் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் ஹாலோவீனை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு ஆடிதான் பொருத்தம். காற்று பலமாக அடிக்கும், ஜன்னல் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், ஆடி அமாவாசைக்குப் போய்ச் சேர்ந்தவர்களை நினைத்து இலை போடுவோம். ஆடி ஒன்றில் ஆரம்பித்துத் தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

குழு சிறியது. அம்மாபேட்டையில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயா, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் என் பள்ளித் தோழி, கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகள், அப்புறம் நான். எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். வீட்டின் முன்பாதி கொலுசுப் பட்டறை. பகலெல்லாம் எடை போட்டு எழுதுவது, கூலி கணக்குப் பார்ப்பது, முத்து, அதாவது கொலுசில் சத்தம் தரும் சின்ன மணி, கோக்க எடுத்துப்போகிறவர்களுக்குச் சரக்கு பிரித்துக் கொடுப்பது என்று போய்விடும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகுதான் புத்தகம்.

எத்தனை புத்தகம் படித்தாய் என்று எண்ணுகிற சவால் எனக்குப் பிடிக்காது. எண்ண ஆரம்பித்தால் கை தானாக மெலிசான புத்தகத்துக்குத்தான் போகும். அதனால் நாங்கள் தலைப்புதான் வைப்போம். நூறு வருடத்துக்கு முந்தையது ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று, பெண் எழுதியது ஒன்று, தலைப்பில் ஊர்ப் பெயர் இருப்பது ஒன்று, அச்சில் வராத வாய்வழிக் கதை ஒன்று. கூடவே ஒரு விதி உண்டு. அது ஐயா போட்டது. படித்து முடித்தவர் கதைச் சுருக்கம் சொல்லக் கூடாது. எந்த இடத்தில் பயம் வந்தது, அந்த இடத்தில் என்ன பொருள் இருந்தது, இந்த இரண்டை மட்டும் சொன்னால் போதும். இந்த விதிதான் என் வாசிப்பையே மாற்றியது என்று சொல்வேன்.

அதுவரை நான் படித்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிடைக்கும் மாத நாவல்கள்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எங்கள் ஊரில் பிறந்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. அவர் எழுதிய 'விடாது கருப்பு' சன் டிவியில் தொடராக வந்த காலத்தில் தெருவே ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது. தண்டிப்பது கருப்புசாமியா, மனுசக் கையா என்ற சந்தேகத்தை அவ்வளவு நாள் இழுத்துப் பிடித்திருந்தார். 2024-இல் அவர் காலமான செய்தி வந்த அன்று குழுவில் யாரும் வேறு எதையும் பேசவில்லை. ஆனால் ஒரே அலமாரியில் எடுத்து எடுத்துப் படித்தால் பயம் பழகிப்போகிறது. அடுத்து என்ன வரும் என்று பக்கத்தைத் திருப்பும் முன்பே தெரிந்துவிடுகிறது.

'நூறு வருடத்துக்கு முந்தையது' என்ற தலைப்புக்கு நான் டிராகுலாவை எடுக்கலாம் என்றிருந்தேன். 1897-இல் வந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "அவ்வளவு தூரம் எதுக்கும்மா? மணிமேகலையில சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை எடுத்துப் படி. ராத்திரி தனியா உக்காந்து படி" என்றார்.

படித்தேன். உரையை வைத்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது. பூம்புகாரின் சுடுகாட்டை நமக்குக் காட்டும்போது சாத்தனார் காட்சியைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் சொல்கிறார். செம்பஞ்சுக் குழம்பு பூசிய பெண்ணின் பாதத்தை வாயில் கவ்விக்கொண்டு நரி ஊளையிடும் சத்தம். கடகம் போட்ட கையை நாய் கடிக்கும் சத்தம். இப்படி ஒன்றன் பின் ஒன்றாக. அந்தச் சுடுகாட்டுக்குள், அது ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டு, சார்ங்கலன் என்ற பையன் தனியாக நுழைந்துவிடுகிறான். அங்கே ஒரு பேய்மகள் பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி, கண்ணைத் தோண்டித் தின்று, சந்தோஷத்தில் ஆடிக்கொண்டிருக்கிறாள். பையன் வீட்டுக்கு ஓடி, சுடலைப் பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு விழுந்து சாகிறான். அதற்குப் பிறகு காப்பியம் தாயின் துக்கத்துக்கும் பௌத்த போதனைக்கும் போய்விடுகிறது. என் மனசு அந்தப் பாதத்தைவிட்டு நகரவில்லை. காலையில் யாரோ ஆசையாகச் சிவப்புப் பூசிவிட்ட பாதம். கடகம் அளவெடுத்துச் செய்த கை. நகை செய்கிற வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தால் சும்மா இருக்க முடியுமா? குழுவில் நான் சொன்ன பொருள் 'செம்பஞ்சுக் குழம்பு'. ஐயா பதிலுக்கு வேறெதுவும் எழுதாமல் ஒரு கும்பிடு மட்டும் போட்டார்.

டிராகுலாவையும் விடவில்லை, ஆனால் அதற்கு முன்பே வந்த கார்மிலாவைத் தேடிப் படித்தேன். அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெ ஃபானு எழுதியது, 1872. டிராகுலாவுக்குக் கால் நூற்றாண்டு மூத்தவள். ஆளில்லாத மாளிகையில் அப்பாவோடு வாழும் பெண்ணுக்குத் தோழியாக வந்து சேர்கிற இரத்தம் குடிக்கும் பெண். தனிமையில் இருக்கிறவளுக்குத் தோழி கிடைக்கிற சந்தோஷமும் பயமும் ஒரே ஆளிடமிருந்து வருவதுதான் அதில் விசேஷம். கதை மெதுவாகப் போகும். பொறுமை வேண்டும்.

'தலைப்பில் ஊர்ப் பெயர்' என்றதும் நாத்தனார் மகள் ஸ்டீபன் கிங்கின் 'சேலம்ஸ் லாட்' எடுத்துக்கொண்டாள். 1975-இல் வந்த நாவல். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு கற்பனைச் சின்ன ஊர். நம் ஊருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் படித்துவிட்டு அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "அத்தை, அந்த ஊர்ல ஒவ்வொரு வீடா ஆள் காணாமப் போறாங்க. பகல்ல திரை போட்டு மூடிக் கெடக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க கேக்கவே இல்ல. அதுதான் பயம்." அவள் சொன்ன பொருள் ஜன்னல். செத்துப்போன சிறுவன் ராத்திரி மாடி ஜன்னலுக்கு வெளியே வந்து, உள்ளே விடு என்று நண்பனைக் கேட்கும் இடம். கிங் பள்ளி ஆசிரியராக இருந்தபோது டிராகுலாவைப் பாடமாக நடத்தியவர். அந்த டிராகுலா பிரபு இந்தக் காலத்து அமெரிக்காவுக்கு வந்தால் என்ன ஆகும் என்ற யோசனையிலிருந்துதான் இந்த நாவல் வந்தது.

எனக்கு அந்தச் சவாலில் கிடைத்ததிலேயே பெரியது ஒரு சிறுகதை. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய 'குரங்கின் பாதம்'. இந்தியாவில் ஒரு பக்கிரி மந்திரித்துக் கொடுத்ததாகச் சொல்லி ஒரு காய்ந்த குரங்குப் பாதத்தை ஒரு ராணுவக்காரர் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்திடம் காட்டுகிறார். மூன்று வரம் கேட்கலாம். வீட்டுக்காரர் இருநூறு பவுண்டு பணம் கேட்கிறார். மறுநாள் மகன் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து ஆள் வருகிறது. பையன் இயந்திரத்தில் சிக்கிவிட்டான். ஆலைக்குப் பொறுப்பு இல்லையென்றாலும் அவன் வேலையை மதித்து ஒரு தொகை தருகிறார்கள். தொகை இருநூறு பவுண்டு.

எல்லோரும் இந்தக் கதையில் கடைசியில் கதவு தட்டும் இடத்தைத்தான் சொல்வார்கள். தறி ஓடும் ஊரில் வளர்ந்த எனக்கு ஆலையிலிருந்து வந்த அந்த ஆள்தான் பயம். வாசலில் தயங்கி நிற்பது, கால்சட்டையில் ஒட்டிய நூலைக் குனிந்து எடுப்பது, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தடுமாறுவது. அந்த மாதிரி வாசலில் வந்து நின்றவர்களைச் சின்ன வயதில் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். குரங்கும் பக்கிரியும் கற்பனை. அந்த ஆளை ஜேக்கப்ஸ் எங்கேயோ நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் நான் நம்புகிறேன்.

கொலுசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழ்ப் பேய்க்கதை என்றாலே கொலுசு. நள்ளிரவு, இருட்டு, 'ஜல் ஜல்'. எல்லாக் கதையிலும் ஒரே சத்தம். கொலுசு அப்படிச் சத்தம் போடாது. முத்து இல்லாத கொலுசுக்குச் சத்தமே கிடையாது. முத்து வைத்ததும் புதுசில் ஒரு சத்தம், சோப்பும் அழுக்கும் ஏறிய பிறகு வேறு சத்தம். குதிகால் எழும்போது ஒன்று, பதியும்போது ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. புடவைக் கொசுவம் மேலே விழுந்தால் அடங்கும். படி ஏறும்போது கேட்பதும் இறங்கும்போது கேட்பதும் வேறு. எங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு யார் நடக்கிறார்கள் என்று நான் சொல்லிவிடுவேன். ஒரு கொலுசு அறுந்துபோய் ஒற்றைக் காலில் மட்டும் போட்டிருக்கும் பெண் நடந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு சத்தம், ஒரு இடைவெளி, ஒரு சத்தம், ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் பாதம் பதிகிறது, ஆனால் கேட்பதில்லை. இப்படி ஒரு வரி எழுதுகிற எழுத்தாளர் கிடைத்தால் அவருடைய மொத்தப் புத்தகத்தையும் வாங்கிவிடுவேன். பயமுறுத்த விரும்புகிறவர் முதலில் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேயைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

அந்தத் தெளிவு புதுமைப்பித்தனிடம் இருக்கிறது. 'காஞ்சனை' 1943-இல் வந்தது. பிச்சை கேட்டு வந்தவளை மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதோடு வீட்டின் ராத்திரிகள் மாறிவிடுகின்றன. அதில் பயம் மூக்கு வழியாக வருகிறது. வாசனையும் நாற்றமும். வேலைக்காரி, சமையலறை, படுக்கை என எல்லாம் நடுத்தர வீட்டுச் சமாச்சாரம். ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' தொகுப்பையும் இதே வரிசையில் வைத்துச் சொல்வேன். பேய்க்கதைகளுக்கென்றே ஒரு முழுத் தொகுப்பு, இலக்கியத் தரத்தோடு.

மொழிபெயர்ப்புக்கு ஏற்காட்டுத் தோழி லஃப்கேடியோ ஹெர்ன் 1904-இல் தொகுத்த ஜப்பானியக் கதைகள் எடுத்தாள். அதில் ஹோய்ச்சி என்ற பார்வையற்ற பாடகன் கதை. போரில் மடிந்த பிரபுக்களின் ஆவிகள் அவனை ராத்திரி ராத்திரி கூட்டிப்போய்ப் பாடச் சொல்கின்றன. காப்பாற்ற நினைத்த கோயில் குரு அவன் உடம்பு முழுக்க மந்திரம் எழுத வைக்கிறார். காதில் மட்டும் எழுத விட்டுப்போகிறது. ஆவியின் கண்ணுக்கு அந்த இரண்டு காதுதான் தெரிகிறது. பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. கொலுசைப் பற்றவைக்கும்போது ஒட்டவைக்கும் பொடி படாமல் விட்டுப்போன இணைப்பு சரியாக அந்த இடத்தில் அறுவது மாதிரி. இதைக் கேட்டுவிட்டு எங்கள் பட்டறையில் பற்றவைக்கும் அண்ணன், "அந்த சாமியாருக்கு மேற்பார்வை பாக்க ஆள் இல்லைங்க" என்றார். அவர் புத்தகம் படிக்கிறவர் இல்லை. கதை கேட்க மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்.

பெண் எழுதியதில் இரண்டு பேர். ஷர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', 1959. இருட்டில் பயந்துபோய்ப் பக்கத்தில் இருக்கும் தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் எலினார். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் தோழி தூரத்தில் இருக்கிறாள். அப்படியானால் யார் கையைப் பிடித்திருந்தேன்? இதற்கு மேல் ஜாக்சன் ஒரு விளக்கமும் தருவதில்லை. இன்னொருவர் அர்ஜென்டினாவின் மரியானா என்ரிகெஸ். 1976 முதல் 1983 வரை அங்கே நடந்த ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் நிழல் அவர் கதைகளில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு கதையில், ஆண்கள் பெண்களை எரிக்கும் கொடுமைக்கு எதிராகப் பெண்கள் தாங்களே தீ மூட்டிக்கொள்ளத் தொடங்குகிறார்கள். 'ஸ்டவ் வெடித்தது' என்று செய்தி படித்து வளர்ந்த நமக்கு அந்தக் கதையைத் தூர தேசத்துக் கதையாக எடுத்துக்கொள்ளவே முடியாது. படித்துவிட்டு இரண்டு நாள் அடுத்த புத்தகம் எடுக்கவில்லை.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் ஒருமுறை எல்லோரும் கூடிச் சத்தமாக வாசித்தோம். இருபது கொண்டை ஊசி வளைவும் பனிமூட்டம். தோழியின் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றால் எதிரே சில்வர் ஓக் மரங்களே தெரியவில்லை. இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்று நாத்தனார் மகள் குதித்தாள். ஐயா அங்கேதான் 1816 கதையைச் சொன்னார். அதற்கு முந்தைய வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவுக்கு அந்த வருடம் கோடைக்காலமே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் மழைக்கு அடைந்து கிடந்தவர்கள் ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று கவிஞர் பைரன் சவால் விட்டார். அந்தச் சவாலிலிருந்து வந்தவைதான் மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனும் போலிடோரியின் 'தி வாம்பயர்' கதையும். மேரிக்கு அப்போது பதினெட்டு வயது. "உன் வயசும்மா" என்று ஐயா சொன்னதும் நாத்தனார் மகள் நோட்டை எடுத்தாள். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள். காட்டவில்லை.

எனக்கென்னவோ அந்தப் பனிமூட்டத்தில் பயமே வரவில்லை. ஏற்காட்டுப் பனி என்றால் எனக்குச் சூடான மிளகாய் பஜ்ஜியும் காப்பிப் பூ வாசமும்தான். பனியும் ஓநாயும் பழைய மாளிகையும் அவர்கள் ஊர்ப் பயம். சேலத்துக்காரிக்குப் பயம் உச்சி வெயிலில். எங்களை வளர்த்தவர்கள் ராத்திரியைவிட நடுப்பகலுக்குத்தான் அதிகம் எச்சரித்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் புளிய மரத்தடியில் நிற்காதே, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு தனியாகக் காட்டுப் பக்கம் போகாதே, கறிச்சோறு எடுத்துப்போனால் ஒரு துண்டு அடுப்புக்கரி போட்டுக்கொள். நிழலே இல்லாத நேரம், தெருவில் ஆளே இல்லாத நேரம். இந்த நேரத்தில் நடக்கும் கதை அச்சில் எவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்பது இந்தச் சவாலில்தான் எனக்கு உறைத்தது.

எனக்குக் கிடைத்த நடுப்பகல் கதை வாய்வழிக் கதைதான். சொன்னது என் மாமியார். அவர் பிறந்தது சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு கிராமம். முத்துக்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார். சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவுக்குக் காட்டுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறார். முந்தின நாள் மழை, அன்றைக்குத்தான் ஏர் ஓட்டியிருந்தது. நடுக்காட்டில் ஒரு பொம்பளை நின்று, சோறு இருக்கா கண்ணு என்று கேட்டிருக்கிறாள். இவர் ஒரு உருண்டை எடுத்து வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி காய்ச்சல். பாட்டி வேப்பிலை அடித்து மந்திரித்தார். மறு வாரமே அந்த வரப்போரம் ஒரு கல் நட்டு மஞ்சள் பூசினார்கள். வருடா வருடம் புதுத் தானியத்தில் பொங்கி முதல் உருண்டை அங்கே போகிறது. இப்போதும் போகிறது.

"என்ன புடவை கட்டியிருந்தாங்க அத்தை?" என்று கேட்டேன்.

"அதப் பாக்கல கண்ணு. காலைத்தான் பார்த்தேன்."

"கால் இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஏர் ஓட்டின ஈரக் காடு. நடுவுல நிக்கிறா. கால்ல மண்ணே ஒட்டல."

சொல்லிவிட்டு அடுத்த அளவு முத்துக்குப் போய்விட்டார். எனக்கு அந்த மத்தியானம் கணக்கு நோட்டில் ஒரு வரியும் ஓடவில்லை. மேல்நாட்டுக் கதையாக இருந்தால் அந்தப் பொம்பளையை விரட்டியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பசித்து வந்தவளுக்கு ஒரு கல்லும் ஒரு உருண்டை சோறும் என்று இடம் கொடுத்துவிட்டார்கள். பயமும் கும்பிடும் ஒரே இடத்தில் இருக்கிறது. சேலத்து முனியப்பன் கோயில்களில் முழித்த கண்ணும் அரிவாளுமாக உட்கார்ந்திருக்கும் சாமியின் முன்னால் குழந்தையைக் கிடத்திக் கும்பிடுகிறோமே, அந்த மனசைப் புரிந்துகொண்டு எழுதினால் தமிழில் எழுதப்படாத பேய்க்கதை இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

இந்த வருடத் தலைப்புகள் முடிவாகிவிட்டன. உச்சிப் பொழுதில் நடக்கும் கதை ஒன்று. ஒரு தொழிலை உள்ளேயிருந்து தெரிந்தவர் எழுதியது ஒன்று. தமிழ் தவிர்த்து வேறொரு தென்னிந்திய மொழியிலிருந்து வந்தது ஒன்று. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கேட்ட அன்றே அவர்கள் சொன்ன சொல் மாறாமல் எழுதி வைக்கும் கதை ஒன்று. முதல் தலைப்புக்குத்தான் இன்னும் புத்தகம் அமையவில்லை. நடுப்பகலில் நடக்கும் தமிழ்ப் பேய்க்கதை உங்களுக்குத் தெரிந்தால் ஆசிரியர் பெயரோடு சொல்லுங்கள். சிறுபத்திரிகையில் வந்ததாக இருந்தாலும் சரி, பழைய மாத நாவலாக இருந்தாலும் சரி, தேடி எடுத்துவிடுவோம்.